மதாரின் பெயரில் ஒரு கட்டில்

மேலப்பாளையம்
10 நவம்பர்

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கை தஸ்மியா எழுதுகிறேன். நானும் உங்கள் மகள் அஸீலாவும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்கக் கூச்சமாக இருக்கிறது. விசாரிக்காமல் ஒரு கடிதத்தை எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை.

உங்களுக்குக் குரல் போனபிறகு போனில் நான் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்தான். நேற்று வைத்தபிறகு அஸீலா, "வாப்பா கேக்காங்களா, வச்சிட்டாங்களான்னே தெரிய மாட்டேங்கு மாமி" என்றாள். அதனால் எழுதலாம் என்று முடிவு செய்தேன். தாளில் எழுதிப் படம் எடுத்து உங்கள் அறையில் இருக்கும் மதார் தம்பியின் போனுக்கு அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே அனுப்புங்கள்.

அங்கே கிளினிக்கில் கொடுத்த சீட்டைப் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். உங்களிடம் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். "தொண்டையில இருந்து நெஞ்சு வரைக்கும் பரவிட்டும்மா. இனி குணப்படுத்தப் பாக்க வேண்டாம், வலி இல்லாமப் பாத்துக்கிடணும். அதுக்கு மார்பின் மருந்து வேணும். பெரிய ஆஸ்பத்திரியிலதான் குடுப்பாங்க. அவர் அங்கன போகலாம்லா?"

போகலாம் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்பது வருடமாக பெர்மிட் இல்லாமல் ஒரு மனிதர் மலேசியாவில் பரோட்டா போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஊருக்கு வந்துவிட ஏதாவது வழி உண்டா? வலி எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுதுங்கள்.

துஆவுடன்,
தஸ்மியா


கிள்ளான்
24 நவம்பர்

பாசமுள்ள தங்கச்சிக்கு,

வ அலைக்கும் முஸ்ஸலாம். உன் எழுத்தைப் பார்த்ததும் பாதி நோய் போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது.

பெர்மிட் இல்லாத ஆளை இங்கே கொசோங் என்பார்கள். மலாயில் காலி என்று அர்த்தம். காலிப் பாத்திரம், காலி வீடு, காலி ஆள். என் பாஸ்போர்ட் பழைய முதலாளியோடு போயிற்று. ஊருக்கு வரவேண்டுமானால் தூதரகத்தில் ஒரு தாள் வாங்க வேண்டும், அபராதம் கட்ட வேண்டும், வரிசை வரிசையாக நிற்க வேண்டும். திடகாத்திரமானவனுக்கே மாதக்கணக்கு ஆகும். கிளினிக் டாக்டர் விமானத்தில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். அஸீலாவின் உம்மா மவுத்தானபோதே வர முடியாதவன் நான். இப்போது மட்டும் வழி திறந்துவிடுமா?

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் பாஸ்போர்ட்டைத்தான் கேட்பார்கள். இல்லாதவனைப் போலீசில் சொல்லிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். அது நிஜமா பொய்யா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னவன் எங்கள் அறையில் எவனும் இல்லை.

மதார் ஒரு கூத்துச் சொல்கிறான். அவனுடைய பாஸ்போர்ட்டையும் பெர்மிட்டையும் கொண்டுபோய் அவன் பெயரில் நான் படுத்துக்கொள்ள வேண்டுமாம். "உங்களுக்கு வயசு கூட. அதை எவன் பாக்கப்போறான்? தாடியும் தொப்பியும் இருந்தா நம்ம ஊர்க்காரன் எல்லாம் அவனுவளுக்கு ஒரே ஆளுதான் காக்கா" என்கிறான். திட்டி அனுப்பினேன். அதாவது, தாளில் திட்டி எழுதிக் காட்டினேன்.

வலி அவ்வளவாக இல்லை. மாத்திரை போடுகிறேன்.

அஸீலாவை நன்றாகப் படிக்கச் சொல்.

அசன் மைதீன்


மேலப்பாளையம்
8 டிசம்பர்

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் கலங்கலாகப் போகிறது. வேலைக்குப் போய்வருவதற்குள் குடையும் நானும் பாதியாகிவிடுகிறோம். மற்றபடி சுகம்.

வலி அவ்வளவாக இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதே அன்று மதார் தம்பி போனில் தன் வீட்டுக்காரி ஷம்ஸியாவிடம், "காக்கா துண்டைக் கடிச்சிக்கிட்டுக் கிடக்காங்க, பாக்க முடியல" என்று சொல்லியிருக்கிறார். நம் கடிதங்கள் அவர் போனில்தான் போய்வருகின்றன என்பதை மறந்துவிடாதீர்கள். எனக்கு இரண்டு பக்கமும் செய்தி வரும்.

நான் ஷம்ஸியாவைப் பார்க்கப் போனேன். கேட்பதா வேண்டாமா என்று அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்வரை எனக்கே நிச்சயம் இல்லை. கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"அவங்க முன்னமே எங்கிட்டச் சொல்லிட்டாங்க ராத்தா. பேர்தானே? வாங்கிட்டுப் போனாத் தேஞ்சா போயிரும்? வலி தீரட்டும், பைய திருப்பித் தரட்டும்."

"உங்க மாமியாருக்கு?"

"அவங்களுக்குச் சொல்ல வேண்டாம். அவங்க வாய்ல போட்டா பள்ளிவாசல் மைக்ல போட்ட மாதிரி."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். திட்ட வேண்டுமானால் எனக்குத் திட்டி எழுதுங்கள்.

தஸ்மியா


கிள்ளான்
5 ஜனவரி

பாசமுள்ள தங்கச்சிக்கு,

அல்லாஹ்வின் அருளால் இது ஒரு தூங்கி எழுந்த மனிதன் எழுதும் கடிதம்.

ஆஸ்பத்திரிக்கு வந்து சில நாட்கள் ஆகின்றன. சிரப் மாதிரி ஒரு மருந்து, வேளைக்கு வேளை. முதல் தடவை கொடுத்தபோது, வலி நின்றதும் நான் பயந்துவிட்டேன். மவுத்து வந்துவிட்டது என்று நினைத்துக் கலிமாவை மனதுக்குள் ஓதிக்கொண்டு படுத்திருந்தேன். அப்படியே தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் கஞ்சி.

ஜன்னல் ஓரக் கட்டில். வெள்ளை விரிப்பு. முதல் நாள் நர்ஸ் "மதார், மதார்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் மதார் எங்கே வந்தான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதும் கேட்காது என்று எழுதப்போனாள். இப்போது பழகிவிட்டது. எத்தனை பிள்ளைகள் என்று டாக்டர் கேட்டார். மதாருக்கு இரண்டு. விரலில் இரண்டு காட்டினேன். காட்டியபிறகு அந்த விரலை வெகுநேரம் மடக்கவில்லை. எனக்கு ஒன்றுதானே?

ஊரில் வீட்டுப் போன் நம்பர் கேட்டார்கள். மதார் அவன் வீட்டு நம்பரையே கொடுத்துவிட்டான். வேறு நம்பர் கொடுத்தால் பெயரோடு பொருந்தாதாம்.

இங்கே குணமாவது பற்றி யாரும் பேசுவதில்லை. வலிக்கிறதா என்று மட்டும்தான் கேட்கிறார்கள். ஒன்பது வருடத்தில் இந்த ஊரில் என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை.

அசன் மைதீன்


மேலப்பாளையம்
2 பிப்ரவரி

தம்பி மதாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். காக்காவுக்குக் காட்ட வேண்டாம்.

வியாழக்கிழமை நான் வீடியோவில் கூப்பிட்டபோது நீங்கள் மாவுக் கையோடு வந்து நின்றீர்கள். உங்கள் வீட்டில் அவ்வளவு கூட்டத்தைப் பார்த்து முழித்தீர்கள். ஷம்ஸியா போனில் அழுதிருப்பாள், என்ன நடந்தது என்று சொல்லியிருக்க மாட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் வீட்டுக்குப் போன் வந்திருக்கிறது. ஷம்ஸியா ரேஷன் கடையில் இருந்தாள். உங்கள் உம்மா எடுத்தார்கள். பேசியது ஒரு தமிழ் நர்ஸ். "மதார் ராத்திரியில இருந்து சீரியஸா இருக்காரு. வீட்டுக்குத் தெரிவிக்கிறோம்." அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாள். தெரு முனை தாண்டுவதற்குள் சீரியஸ் என்பது மவுத் ஆகிவிட்டது.

எனக்குச் செய்தி வந்து, கல்லூரி நூலக வேலையைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்தேன். வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். பள்ளிவாசல் மோதினார் மைக்கில் சொல்வதற்காக உங்கள் வாப்பா பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நடுவில் ஷம்ஸியா, கையில் ரேஷன் பையோடு. அவளுக்கு விஷயம் தெரியும், ஆனால் சொல்ல முடியாது. "எங்க மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல, காலையிலதான் பேசினாங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

"புள்ளைக்குப் புத்தி கலங்கிட்டு, பாவம்."

"பைய கருகமணியைக் கழட்டுங்கட்டி. பிறகு விட மாட்டா."

ஒரு கை அவள் கழுத்துக்குப் போயிற்று. ஷம்ஸியா பையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கருகமணியைப் பிடித்துக்கொண்டாள். அரிசி தரையெல்லாம் சிதறியது. "கைய எடுங்க! உசிரோட இருக்கிற மனுசனுக்கு நான் எதுக்குக் கழட்டணும்?" உங்கள் உம்மா தரையில் அடித்து அழுதார்கள். ஷம்ஸியா கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆள் மாறிப்போய்ச் சொல்லிவிட்டார்கள் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உங்களைக் கூப்பிட்டேன். மீதி உங்களுக்குத் தெரியும். "ஏலே மதாரு, மவுத்தாப் போனவன் மாவா பெசையுத?" என்று உங்கள் மாமா கேட்டதும் அழுத வாயாலேயே எல்லோரும் சிரித்தார்கள். ஷம்ஸியா சிரிக்கவில்லை. குனிந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். டீயைத் தொடவில்லை.

"இன்னைக்குப் பொய்யாப் போச்சு ராத்தா. நாளைக்குக் காக்கா அங்கனயே கண்ணை மூடுனா மதார் மவுத்துன்னுதானே எழுதுவாங்க? பிறகு இவங்க எந்தப் பேர்ல வேலை செய்வாங்க, எந்தப் பேர்ல ஊருக்கு வருவாங்க? பேரைத் திருப்பிக் குடுத்திருங்க ராத்தா. நான்தான் குடுத்தேன், நானே கேக்கேன்."

அவள் கேட்பது நியாயம். காக்கா தூங்குவதும் நியாயம். இரண்டுக்கும் நடுவில் நான் என்ன எழுதுவது என்று நான்கு நாட்களாகத் தெரியவில்லை. உங்கள் அபிப்பிராயம் வேண்டும்.

தஸ்மியா


மேலப்பாளையம்
5 பிப்ரவரி

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மழை ஓய்ந்துவிட்டது. அஸீலாவுக்குப் பரீட்சை நெருங்குகிறது. மீன் விலைதான் இறங்கவில்லை. உவரியிலிருந்து வருகிற வாளை மீனைப் பார்த்துவிட்டு மட்டும் வருகிறேன்.

போன வாரம் ஒரு நாள் உங்களுக்கு மூச்சு முட்டியதாகவும் பிறகு சரியாகிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். டாக்டரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். மருந்தைக் கையில் கொடுத்து அறைக்கு அனுப்புவார்களா? அறை என்றால் நம் ஊர்ப் பையன்கள் பக்கத்தில் இருப்பார்கள் என்று தோன்றியது. சும்மாதான் கேட்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

ஷம்ஸியா சலாம் சொன்னாள்.

தஸ்மியா


கிள்ளான்
16 பிப்ரவரி

பாசமுள்ள தங்கச்சிக்கு,

வ அலைக்கும் முஸ்ஸலாம். அறைக்கு வந்துவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே வர வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பு இல்லை. இங்கே பையன்கள் பூண்டு போட்டுக் காய்ச்சுகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் கடையின் வாசனை வருகிறது. மருந்து ஒரு போத்தல் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தாராளமாக இருக்கிறது.

வலி இல்லை.

ஷம்ஸியாவுக்கு என் சலாம் சொல். அவள் பொருள் அவளிடம் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது என்றும் சொல்.

அசன் மைதீன்


கிள்ளான்
6 மார்ச்

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மதார் எழுதுகிறேன். நீங்கள் அபிப்பிராயம் கேட்டிருந்தீர்கள். பதில் எழுத எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது, மன்னிக்க வேண்டும். நோன்பு தொடங்கிவிட்டது, கடையில் கூட்டம்.

உங்கள் கடிதத்தைக் காக்காவிடம் நான் காட்டவில்லை. ஆனால் வார்டில் அந்தத் தமிழ் நர்ஸே அவரிடம், "உங்க வீட்டுக்கு அன்னைக்கு போன் பண்ணினோம், அம்மா ரொம்ப அழுதாங்க" என்று சொல்லியிருக்கிறாள். அன்று மாலை நான் போனபோது சட்டையை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். போக வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். நானும் கெஞ்சினேன். என் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து நடந்தார்.

வலி இல்லை என்று உங்களுக்கு எழுதியிருப்பார். போத்தல் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று பாதிப் பாதியாகக் குடிக்கிறார். பையன்கள் வேலைக்குப் போனபிறகுதான் சத்தம் போடுகிறார். குரல் இல்லாத சத்தம், ராத்தா. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

போத்தல் காலியானதும் நானே நோயாளியாகப் போனேன். பெயர் என்னுடையதுதானே. மருந்து கொடுக்கிற ஆள் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அன்றைக்குச் சக்கர நாற்காலியில் வந்த ஆளா? நன்றாகச் சதை போட்டுவிட்டாயே" என்றான். "நாட்டு மருந்து சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சீட்டிலோ பேச முடியாதவர் என்று எழுதியிருக்கிறது. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். பின்னால் அந்த நர்ஸ் நின்றிருந்தாள். "இவரை எனக்குத் தெரியும், குடுத்திருங்க" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். ஆனால் அடுத்த தடவை டாக்டர் நேரில் பார்த்தால்தான் கொடுப்பார்களாம்.

இதையெல்லாம் ஷம்ஸியாவிடம் சொன்னேன். "திரும்பக் கொண்டுபோய்ப் படுக்க வையுங்க. அப்படி ஏதும் ஆச்சுன்னா நான் கருகமணியைக் கழட்டி வச்சிட்டு உக்காந்துக்கிடுதேன். நீங்க இருக்கியன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாள். அப்படியே காக்காவிடம் சொன்னேன்.

காக்கா எழுதிக் காட்டும் சிலேட்டுப் பலகையை வாங்கி எழுதினார்: "உன் பிள்ளைகளுக்கு நீ காகிதத்திலும் உயிரோடு இருக்க வேண்டும். நான் காலியாக இருந்து பார்த்தவன். உனக்கு அது வேண்டாம்." பிறகு அழித்துவிட்டு, "போய்ப் பரோட்டா போடுலே" என்று எழுதினார்.

நீங்கள் சொன்னால் கேட்பார். முன்பும் நீங்கள் சொல்லித்தான் கேட்டார்.

மதார்


மேலப்பாளையம்
12 மார்ச்

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு சுகமாகப் போகிறது. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு அஸீலாவை எழுப்புவதுதான் பெரிய வேலை.

வலி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சரி.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஷம்ஸியா சம்மதித்துவிட்டாள், மதாரும் சம்மதித்துவிட்டார். நான் ஒரு வரி எழுத வேண்டியதுதான் பாக்கி. அந்த வரியை எழுதுவதற்கு முன் ஷம்ஸியா வீட்டுக்குப் போனேன். அவள் கருகமணியைக் கழுத்தில் ரவிக்கைக்கு உள்ளே தள்ளிவிட்டிருந்தாள், இப்போதே பழகிக்கொள்கிறவள் மாதிரி. திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் எது செய்தாலும் எனக்குச் சம்மதம் காக்கா. பாதியாகக் குடிக்காதீர்கள். முழுதாகக் குடியுங்கள். தீர்ந்தால் தீரட்டும். அதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

கீழே அஸீலா எழுதுகிறாள்.

வாப்பா, பரீட்சை நல்லா எழுதிருக்கேன். கணக்குல மட்டும் கொஞ்சம் சந்தேகம். உங்க பழைய வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு வச்சிருக்கேன், "ஏளா, சாப்டியா"ன்னு கேப்பிய. தினமும் பதில் சொல்லுதேன்.


மேலப்பாளையம்
9 ஏப்ரல்

தம்பி மதாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் எப்படிப் போயிற்று என்று கேட்க மாட்டேன். இங்கேயும் அப்படித்தான் போயிற்று.

கடைசி இரண்டு நாட்கள் காக்கா முழு அளவு குடித்தார் என்றும் தூங்கினார் என்றும் சொன்னீர்கள். அதை நான் நம்புகிறேன். உண்மையா என்று கேட்கப்போவதில்லை. நீங்களும் வேறு எதுவும் சொல்லிவிட வேண்டாம்.

ஆறாத ஒன்று, அவர் அத்தனை நாள் பிணவறையில் கிடந்ததுதான். கையில் ஒரு தாளும் இல்லாதவர் யார் என்று சொந்தக்காரர்கள் சொல்லாமல் அடக்கம் செய்ய விடமாட்டோம் என்று போலீஸ் சொன்னதாக நீங்கள் சொன்னபோது, மதார் என்று இருந்திருந்தால் அன்றே முடிந்திருக்குமே என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்ததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

தூதரக அதிகாரி பிணவறையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். நான்தான் பேசுவதாக இருந்தது. துணியை விலக்கினார்கள். அந்த அதிகாரி, "இவர் யாரும்மா?" என்றார். அஸீலா என் கையிலிருந்து போனை வாங்கினாள். ஒன்பது வயதில் நேரில் பார்த்த முகம் அவளுக்கு.

"அசன் மைதீன் சார். எங்க வாப்பா."

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா. ஆள் ரொம்ப மெலிஞ்சிருக்காரு. நிச்சயமாச் சொல்லுதியா?"

"மூக்கைப் பாருங்க சார். எம் மூக்கையும் பாருங்க."

போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக் கொஞ்ச நேரம் அசையாமல் பிடித்திருந்தாள். அந்த மனிதர் சரிம்மா என்றார். முழுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தாக அவள் சொன்னாள்.

நீங்கள் எல்லோரும் கபுர் வரைக்கும் தோள் கொடுத்ததைப் படத்தில் பார்த்தேன். அறையில் இருந்த பையன்களில் பெர்மிட் இல்லாதவர்கள் பகலில் வெளியே வரப் பயப்படுவார்கள் என்று காக்கா முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறார். படத்தில் அவர்களும் நிற்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி அனுப்புங்கள். துஆவில் சொல்ல வேண்டும்.

ஷம்ஸியா இப்போது எங்களோடுதான் சாப்பிடுகிறாள், அஸீலாவைத் தனியாக விட அவளுக்கு மனம் இல்லை. உங்கள் பெர்மிட் எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்கச் சொன்னாள். அவளே கேட்டால் நீங்கள் ஏதாவது சமாதானம் சொல்லிவிடுவீர்களாம். ஆகவே நான் கேட்கிறேன். தேதியை எழுதுங்கள். முதலாளி இன்னும் ஆறு மாதம் இரு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வார். காக்காவிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடுங்கள் தம்பி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தஸ்மியா